பழைய ஜான்சன் அவுட்போர்டில் டைமிங் பார்ப்பது: பாயிண்ட் திறக்கும் கணத்தைப் பிடிக்க வேண்டும்

கேள்வி இது: முத்துப்பேட்டையில் ஃபைபர் படகில் மாட்டியிருக்கும் 1975-ஆம் ஆண்டு ஜான்சன், 15 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர். கயிறு இழுக்கும்போது சில நேரம் கையைப் பின்னுக்கு வெட்டி இழுக்கிறது. ஓட ஆரம்பித்தால் ஐடிலில் ஆட்டம், முழு த்ராட்டிலில் இழுவை இல்லை. கார்புரேட்டரைக் கழுவியாயிற்று, பிளக் புதிது. டைமிங் லைட் (பொறி விழும் கணத்தில் மின்னும் விளக்கு) வாங்கினால் எந்தக் குறியில் வைக்க வேண்டும்?

லைட்டை இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஜான்சன், எவின்ரூட் இரண்டிலும் 9.9, 15 குதிரைத்திறன் மாடல்கள் 1974-இல் வந்தன. 1976 வரை வந்தவற்றில் ஃபிளைவீலுக்கு (மேலே சுற்றும் கனமான காந்தச் சக்கரம்) அடியில் பாயிண்ட், அதாவது காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச், இருக்கும். 1977 முதல் சிடிஐ, அதாவது பாயிண்ட் இல்லாத மின்னணு இக்னிஷன். உங்களுடையது பாயிண்ட் வகை. இதில் டைமிங்குக்கென்று, அதாவது பொறி விழும் நேரத்துக்கென்று, தனியாகத் திருப்பும் திருகாணி கிடையாது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் பிளக்கில் பொறி விழும், அவ்வளவுதான். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், டைமிங் முந்தும். குறைந்தால் தாமதமாகத் திறக்கும், டைமிங் பிந்தும். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு செட் பாயிண்ட் இருப்பதால், இரண்டும் தனித்தனியாகத் தவறலாம். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகாது.

நீங்கள் சொன்ன அறிகுறிகளில் ஒன்றுக்கொன்று முரண்படுவது போல் தெரிகிற விஷயம் ஒன்று உண்டு. கயிறு கையை வெட்டுவது டைமிங் முந்தியதன் அடையாளம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குள் எரிந்து, அதைக் கீழே தள்ளிவிடுகிறது. முழு வேகத்தில் இழுவை இல்லாமல் சூடு ஏறுவது பிந்தியதன் அடையாளம். இரண்டும் ஒரே எஞ்சினில் வந்தால், ஒரு சிலிண்டர் முந்தியும் மற்றது பிந்தியும் ஓடுகிறது என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். ஐடிலில் ஆட்டமும் அதற்குப் பொருந்துகிறது. அடுத்த சந்தேகம் ஃபிளைவீல் கீ, அதாவது ஃபிளைவீலைக் கிராங்க்கில் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு உலோகத் துண்டு.

ஒன்றை மட்டும் முதலிலேயே கவனியுங்கள். இந்த வகையில் பிடியைத் திருப்பினால் பாயிண்ட், காயில் எல்லாம் ஏறியிருக்கும் பிளேட்டே ஃபிளைவீலுக்கு அடியில் சுழலும். த்ராட்டில் கூடக் கூட டைமிங் முந்தும். ஆகவே முழு த்ராட்டிலில் வைத்துக் கயிறு இழுத்தால், நல்ல எஞ்சினும் கையை வெட்டும். பிடியை ஸ்டார்ட் குறியில் வைத்து இழுத்தும் வெட்டுகிறதா என்று பாருங்கள். அப்போதும் வெட்டினால்தான் கீழே சொல்வதெல்லாம் தேவை.

டைமிங்கைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. கம்ப்ரஷன் கேஜ் வைத்து இரண்டு சிலிண்டரையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு ரிங்கிலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கிறது, பாயிண்ட்டை எத்தனை முறை வைத்தாலும் ஆட்டம் போகாது. இரண்டாவது, குளிர்விக்கும் தண்ணீர். கோரையாறு முகத்துவாரத்துச் சேற்றிலும், மேட்டூர் திறந்து கொள்ளிடம் கலங்கி வரும் நாட்களிலும் ஓடுகிற எஞ்சினில் இம்பெல்லர் (தண்ணீர் பம்ப்பின் ரப்பர் சக்கரம்) சீக்கிரம் தேயும். தண்ணீர் குறைந்து சூடேறி வலுவிழக்கும் எஞ்சினும் டைமிங் பிந்திய எஞ்சினும் படகில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

இனி ஃபிளைவீலைக் கழற்றுங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எஞ்சின் உலோகத்தில் படும்படி கட்டிவிடுங்கள். வயர் அந்தரத்தில் தொங்கும்போது கயிறு இழுத்தால், போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலின் உறையைத் துளைத்துவிடும். இந்த வயதுக் காயில்களுக்கு அது தாங்காது. ரீகாயில் ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, பெல்ட் ரெஞ்சால் ஃபிளைவீலைப் பிடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்துங்கள். பிளக் ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவரைச் செருகி பிஸ்டனைத் தடுக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. பிஸ்டன் தலை அலுமினியம், குழி விழும். நட்டை முழுதும் எடுக்காமல் கிராங்க் முனைக்குச் சமமாக விட்டால் மரை காப்பாற்றப்படும். ஃபிளைவீல் நடுவில் இருக்கும் மூன்று மரை ஓட்டைகளில் போல்ட் போட்டுப் புல்லரால் இழுக்க வேண்டும். விளிம்பில் கொக்கி மாட்டி இழுத்தால் ஃபிளைவீல் வளையும். அடித்தால் காந்தம் விரிசல் விடும். புல்லரை இறுக்கி, அதன் நடு போல்ட் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் ஃபிளைவீலைக் கிராங்க்கில் பிடித்திருக்கும் கூம்புப் பொருத்து, அதாவது டேப்பர், விட்டுக்கொடுக்கும்.

முதலில் கீயைப் பாருங்கள். வெட்டுப்பட்டிருக்க வேண்டும் என்றில்லை. பக்கவாட்டில் படிபோல் லேசாக நகர்ந்திருந்தாலே போதும், மாற்றிவிடுங்கள். உங்கள் ஊர் அலையாத்திக் காட்டு வாய்க்கால்களில் இது அடிக்கடி நேர்வதற்குக் காரணம் உண்டு. வேரிலோ சேற்றிலோ புரொபெல்லர் மாட்டினால் முதலில் உடைய வேண்டியது புரொபெல்லரின் ஷியர் பின். அதற்குப் பதில் இரும்பு ஆணியை வெட்டிப் போட்டு ஓட்டினால் பின் உடையாது. அதிர்ச்சி முழுவதும் மேலே கிராங்க் வரை போகும். கிராங்க் சட்டென்று நிற்க, கனமான ஃபிளைவீல் தன் வேகத்தில் முன்னே நகரப் பார்க்கும். கீ நசுங்குவது அப்போதுதான். பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும் கேம் ஃபிளைவீலின் நடுக்குழலிலேயே இருக்கும் எஞ்சின்களில், இப்படி நகர்ந்தால் டைமிங் அப்படியே முந்திவிடும். உங்கள் ஜான்சனில் கேம் கிராங்க்கில் தனி வளையமாக இருக்கும். ஆகவே பாயிண்ட் திறக்கும் நேரம் மாறாது. ஆனால் பாயிண்ட் திறக்கும் கணத்தில் காந்தம் காயிலுக்கு நேராக இருக்க வேண்டிய இடம் தப்பிவிடும், பொறி மெலியும். பாயிண்ட் எல்லாம் அளவாக இருந்தும் எஞ்சின் சோர்ந்து ஓடும் மர்மத்துக்குப் பல நேரம் இதுவே விடை.

கடினமான இரும்புக் கம்பியை ராவிக் கீயாகப் போடாதீர்கள். அந்த அளவுக்கான கீயையே வாங்குங்கள். ஃபிளைவீலைப் பிடித்து வைப்பது கீயின் வேலை இல்லை. டேப்பர்தான் பிடிக்கிறது, கீ இடத்தை மட்டும் காட்டுகிறது. அதனால் டேப்பரின் இரு பக்கமும் எண்ணெய், கிரீஸ், துரு எதுவும் இல்லாமல் தின்னரில் துடைத்துக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும்.

அடுத்தது பாயிண்ட். கேமின் மேல் ‘டாப்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும் பக்கம் மேலே பார்க்கிறதா என்று பாருங்கள். முன்பு யாராவது தலைகீழாகப் போட்டிருந்தால் எந்த அளவும் வேலைக்காகாது. கிராங்க் முனையை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். அசைக்கும்போது பாயிண்ட் இடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறினால் மேல் பேரிங் தேய்ந்திருக்கிறது. பேரிங்கை மாற்றாமல் டைமிங் நிலைக்காது. காயில்களில் வெடிப்பு, காந்தத்தில் உரசிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாயிண்ட் முகம் எரியாமல் காக்கும் கண்டென்சர் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டும். பாயிண்ட் முகம் கறுத்து எரிந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள்.

நாகை, வேதாரண்யம் கடற்கரைக் காற்றில் பாயிண்ட்டின் எதிரி உப்புதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில வாரம் சும்மா கிடந்த எஞ்சினில் பாயிண்ட் முகத்தில் மெல்லிய படலம் கட்டிவிடும். மூடியிருந்தாலும் மின்சாரம் போகாது. தின்னரில் நனைத்த தடித்த காகிதத்தைப் பாயிண்ட்டுக்கு நடுவே இழுத்தால் பெரும்பாலும் போய்விடும். எமெரித் தாளால் தேய்த்தால் துகள் உள்ளே பதிந்து மறுபடி எரியும். ஒரு முகத்தில் மேடும் எதிர் முகத்தில் குழியுமாக இருந்தால் செட்டையே மாற்றுங்கள். மேடு இருக்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மேட்டின் நுனியைத்தான் அளக்கும். உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும், நீங்கள் அறியாமலே டைமிங் முந்தியிருக்கும்.

கிராங்க்கைக் கடிகாரம் சுற்றும் திசையில் மட்டும் திருப்புங்கள். நியூட்ரலில் இருந்தாலும் கீழே இம்பெல்லர் கூடவே சுற்றும். பின்னோக்கிச் சுற்றினால் அதன் ரப்பர் இதழ்கள் மறுபக்கம் மடங்கிவிடும். பாயிண்ட்டின் தேய்ப்புக் கட்டை கேமின் உச்சியில் ஏறி நிற்கும்போது இடைவெளி பழைய செட்டுக்கு 0.020 அங்குலம், அதாவது 0.51 மி.மீ.; பட்டறையில் 20 தௌ என்பார்கள். புதிய செட்டுக்கு 22 தௌ, 0.56 மி.மீ. புதிய தேய்ப்புக் கட்டை முதல் சில மணி நேர ஓட்டத்தில் கொஞ்சம் தேய்ந்து படியும் என்பதற்காக அந்த இரண்டு தௌ. பழைய செட் என்றால், 20 தௌ தகடு லேசாக இழுபட்டு நுழைய வேண்டும், 22 தௌ நுழையக் கூடாது என்று இரண்டு தகட்டாலும் சோதியுங்கள். திருகை இறுக்கியபின் மறுபடி அளக்காமல் விடாதீர்கள். இறுக்கும்போதே ஒரு தௌ நகரும்.

பலர் இத்தோடு நிறுத்தி மூடிவிடுகிறார்கள். என் கருத்தில் உண்மையான சோதனை இனிமேல்தான். ஃபீலர் கேஜ் காட்டுவது இடைவெளியை. நமக்கு வேண்டியது எந்தக் கோணத்தில் திறக்கிறது என்பது. இரண்டு செட்டிலும் ஒரே 20 தௌ வைத்தும் கேம் தேய்மானத்தாலும் பாயிண்ட் வார்ப்பாலும் திறக்கும் கோணம் வேறுபடலாம்.

மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வையுங்கள். பாயிண்ட்டில் வந்து சேரும் காயில் வயரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். காயிலின் முதல் சுற்றின் மின்தடை ஓம் கணக்கில் மிகச் சிறியது; அது இணைப்பில் இருந்தால் பாயிண்ட் திறந்தாலும் மீட்டர் விடாமல் கத்திக்கொண்டே இருக்கும். இங்கே தடுமாறித்தான் பலர் மீட்டரால் பார்க்க முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். கண்டென்சர் வயரையும் எடுத்துவிட்டால் ஐயமே இல்லை. பாயிண்ட்டிலிருந்து மெல்லிய உறை போட்ட வயர் ஒன்றை வெளியே எடுத்து, ஃபிளைவீலைக் கீயோடு வைத்து நட்டைக் கையால் மட்டும் பொருத்துங்கள். வயர் எங்கும் நசுங்கக் கூடாது. எஞ்சின் உடம்பில் ஒரு கம்பியை வளைத்துக் கட்டி, முனை ஃபிளைவீல் விளிம்பை ஒட்டி நிற்கும்படி சுட்டியாக வையுங்கள். பிடியை முழு த்ராட்டிலுக்குத் திருப்பி, பிளேட் நகராமல் கட்டிவிடுங்கள்.

மெதுவாகச் சுற்றுங்கள். ஒலி நிற்கும் கணத்தில், சுட்டிக்கு நேராக விளிம்பில் ஒரு கோடு. அதேபோல் இரண்டாவது பாயிண்ட்டுக்கு ஒரு கோடு. இந்த எஞ்சினில் இரண்டு சிலிண்டரும் 180 பாகை இடைவெளியில் எரிய வேண்டும். ஆகவே இரண்டு கோடுகளுக்கும் நடுவே விளிம்பைச் சுற்றி அளந்தால் சுற்றளவில் சரிபாதி வர வேண்டும். தையற்காரர் டேப்பே போதும். ஃபிளைவீல் விட்டம் 200 மி.மீ. என்றால் சுற்றளவு 628, பாதி 314. ஒரு பாகைக்கு 1.75 மி.மீ. கோடு 5 மி.மீ. தள்ளியிருந்தால் ஏறக்குறைய 3 பாகை வித்தியாசம். அந்த அளவு வித்தியாசமே ஐடிலில் ஆட்டத்தைக் கொடுக்கும். கையேடு, லைட் எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. உங்கள் எஞ்சினின் நோய் இங்கேதான் பிடிபடும் என்று நினைக்கிறேன். 20 தௌவுக்கு ஒன்றிரண்டு தௌ இப்படி அப்படி மாற்றி இரண்டையும் 180-க்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் மாற்றினால்தான் சரியாகும் என்றால் கேமோ பேரிங்கோ போயிருக்கிறது.

இரண்டும் சமம் என்றானபின், உச்சிக்கு எத்தனை பாகை முன்பு திறக்கிறது என்று பார்க்கலாம். பிஸ்டன் உச்சியைக் கண்ணால் பார்த்தோ டயல் கேஜில் உயர்ந்த இடத்தை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். உச்சியருகே பிஸ்டன் நகர்வதே இல்லை என்கிற அளவுக்கு மெல்ல நகரும், 50 மி.மீ. ஸ்ட்ரோக், 100 மி.மீ. கனெக்டிங் ராடு உள்ள எஞ்சினில் உச்சிக்கு 2 பாகை முன்பு பிஸ்டன் இறங்கியிருப்பது 0.02 மி.மீ. மட்டுமே. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் நடுவில் முனை உருண்ட பித்தளைக் கம்பியைப் பொருத்தினால் பிஸ்டனைத் தடுக்கும் நிறுத்தி கிடைக்கும். பிஸ்டன் கீழே இருக்கும்போது அதைப் பிளக் ஓட்டையில் மாட்டி, கடிகாரத் திசையில் பிஸ்டன் மெல்லத் தொடும்வரை சுற்றி ஒரு கோடு. எதிர்த்திசையில் மெல்லத் தொடும்வரை சுற்றி இன்னொரு கோடு. பின்னோக்கிச் சுற்றுவது இந்த ஒரே முறைதான், அவசரம் வேண்டாம். நிறுத்தி நின்ற பக்கத்தில் இரண்டு கோடுகளுக்கும் சரிநடுவே உண்மையான உச்சி. மேலிருந்து பார்க்க ஃபிளைவீல் கடிகாரத் திசையில் சுற்றுவதால், உச்சிக்கு முந்தைய பாகைகள் உச்சிக் கோட்டிலிருந்து கடிகாரத் திசைப் பக்கம் வரும். 200 மி.மீ. ஃபிளைவீலில் 20 பாகை என்றால் 35 மி.மீ., 25 பாகை என்றால் 43.6 மி.மீ. எதிர்ப் பக்கம் குறித்துவிட்டு, டைமிங் உச்சிக்குப் பின்னால் போய்விட்டது என்று குழம்புவது சகஜம்.

பழைய ஜப்பானிய எஞ்சின்களின் கையேட்டில் சில நேரம் பாகைக்குப் பதில் மி.மீ. கணக்கு இருக்கும். மேலே சொன்ன 50, 100 அளவில் 20 பாகை என்பது பிஸ்டன் 1.87 மி.மீ. கீழே இருப்பது, 25 பாகை 2.90, 30 பாகை 4.13. உங்கள் எஞ்சினின் ஸ்ட்ரோக்கும் ராடும் வேறாக இருந்தால் எண்ணும் மாறும். அடுத்த எஞ்சினின் மி.மீ. கணக்கை இதற்கு வைக்கக் கூடாது.

மூடும்போது: கீ, சுத்தமான காய்ந்த டேப்பர், பிறகு நட்டை டார்க் ரெஞ்சால் 45 முதல் 50 அடி-பவுண்டு, அதாவது 61 முதல் 68 நியூட்டன் மீட்டர். கேமைத் தொடும் திரியில் துளி எண்ணெய் போதும். வழிந்து பாயிண்ட்டில் பட்டால் எரியும். பிறகு கார்புரேட்டரோடு இணைப்பு. பிளேட் சுழலும்போது அதன் அடியிலுள்ள த்ராட்டில் கேம் (பாயிண்ட் கேம் அல்ல), கார்புரேட்டர் உருளையைத் தன் குறியில் தொடும்போதுதான் த்ராட்டில் திறக்கத் தொடங்க வேண்டும். ஐடில் மிக்ஸ்சரை எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடுங்கள். முதலில் தொட்டால் டைமிங் கோளாறை பெட்ரோலால் மறைத்ததாகிவிடும்.

மண்ணெண்ணெய் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மானிய மண்ணெண்ணெய் கிடைக்கிறது என்று பெட்ரோல் எஞ்சினில் ஊற்றுவது நம் கரையில் நடக்கிறது. மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் குறைவு. மண்ணெண்ணெய்க்கென்றே வரும் எஞ்சின்களில் கம்ப்ரஷனைக் குறைத்திருப்பார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மாற்றி, நிறுத்துமுன் திரும்பப் பெட்ரோலுக்கு வருவார்கள். பெட்ரோல் கம்ப்ரஷனிலும் டைமிங்கிலும் மண்ணெண்ணெய் ஓட்டினால் முழுச் சுமையில் தட்டும். அவுட்போர்டின் சத்தத்தில் அந்தத் தட்டல் காதில் விழாது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியப் புள்ளி தெரிந்தால் பிஸ்டன் கரைய ஆரம்பித்துவிட்டது. டைமிங்கைக் குறைக்கப் பாயிண்ட் இடைவெளியைக் குறைப்பது தப்பு வழி. அப்போது காந்தம் சரியான இடத்தைத் தாண்டியபின் பாயிண்ட் திறப்பதால் பொறியும் சேர்ந்து மெலியும். பிளேட்டோடு சேர்த்துத்தான் டைமிங்கை நகர்த்த வேண்டும், அதாவது முழு த்ராட்டிலில் பிளேட் போய் முட்டும் எல்லையைக் குறைக்க வேண்டும். இந்த 15-ஐப் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள் என்பதே என் யோசனை.

இப்போது லைட். யாரிடமாவது இருந்தால் வாங்கிப் பாருங்கள். கயிறு எஞ்சினில் பேட்டரி இல்லாததால் தனியாக 12 வோல்ட் பேட்டரி வேண்டும். பாகை திருப்பும் குமிழ் உள்ள லைட் என்றால் பூஜ்யத்தில் வைத்து, நீங்கள் போட்ட கோடுகளையே நம்புங்கள். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் பம்ப்புக்கு மேல் நிற்கும்படி எஞ்சினைப் பூட்டி ஐடிலில் பாருங்கள். டிரம்மில் முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள். சுமையில்லாமல் வேகம் எல்லை மீறும். லைட்டின் பயன் வேறு: கோடு ஒரே இடத்தில் நிற்கிறதா, நடுங்குகிறதா என்று காட்டும். நடுங்கினால் பேரிங் ஆட்டம் அல்லது பாயிண்ட் ஸ்பிரிங் தளர்ச்சி. மூடியில்லாத ஃபிளைவீல் அருகே துண்டு, தொங்கும் சட்டைக் கை, மடித்துக் கட்டாத லுங்கி எதுவும் வேண்டாம்.

புதிய பாயிண்ட் போட்டிருந்தால் பத்து மணி நேரம் ஓடியபின் ஒருமுறை திறந்து அளந்து பாருங்கள். 22 தௌ 20-க்கு வந்து நின்றிருக்கும். 18-க்குக் கீழே போயிருந்தால் கேம் முகம் துருப்பிடித்துச் சொரசொரப்பாகித் தேய்ப்புக் கட்டையைத் தின்கிறது. கேமை மாற்றாமல் அடுத்த செட்டை வாங்க வேண்டாம். படகில் கூடுதல் பிளக்கோடு இரண்டு ஷியர் பின்னும் ஒரு ஃபிளைவீல் கீயும் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கட்டும்.